பேஸ் கிளாஸுக்கு டேபிள் வேண்டுமா?

ஹைபர்னேட்டில் (ஜாவா கிளாஸ்களை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் கருவி) இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு பேஸ் கிளாஸும் அதிலிருந்து பிறக்கும் சப்கிளாஸ்களும் என்றதும், எல்லாவற்றுக்கும் சிங்கிள் டேபிளா, பேஸுக்கும் சப்கிளாஸ்களுக்கும் தனித்தனி டேபிள் வைத்து இணைக்கும் ஜாயின்டா என்று இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானியுங்கள். பேஸ் கிளாஸை வைத்து எப்போதாவது குவெரி எழுதுவீர்களா? வேறொரு என்டிட்டி (டேட்டாபேஸில் பதிவாகும் கிளாஸ்) அதைச் சுட்டுமா?

இரண்டும் இல்லையென்றால் வேலை சுலபம். ஐடி, உருவான நேரம், திருத்திய நேரம் போன்றவற்றை ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் (நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாத கிளாஸ்) வைத்து @மேப்டுசூப்பர்கிளாஸ் போடுங்கள். அதற்கென்று டேபிள் உருவாகாது. ஒவ்வொரு சப்கிளாஸின் டேபிளிலும் அந்த நெடுவரிசைகள் சேர்ந்துகொள்ளும்.

நான் பார்த்துக்கொள்ளும் பள்ளிக் கட்டண மென்பொருளில் கதை வேறு. ரொக்கம், காசோலை, யுபிஐ மூன்றும் பேமென்ட்டின் சப்கிளாஸ்கள். ரசீதுக்கு எந்த வகைப் பணம் என்ற கவலை இல்லை, பேமென்ட்டைச் சுட்டினால் போதும். அதனால் பேமென்ட் அப்ஸ்ட்ராக்ட்டாகவே இருக்கட்டும், கூடவே @என்டிட்டியும் போடுங்கள். இரண்டும் சேர்ந்து வரலாம்.

அப்புறம் ஸ்ட்ராட்டஜி. நான் சிங்கிள் டேபிள் கட்சி. ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரநிலையான ஜேபிஏவின் டிஃபால்ட்டும் அதுதான். எல்லாம் ஒரே டேபிளில், எந்தப் பதிவு எந்த வகை என்பது டிடைப் நெடுவரிசையில். ஜாயின் தொல்லை இல்லை. ஆனால் ரொக்கப் பதிவில் காசோலை எண் காலியாகத்தான் இருக்கும், அதனால் அந்த நெடுவரிசைக்கு நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற விதி) போட முடியாது. அதற்காக ஜாயின்டுக்கு ஓட வேண்டாம். வகை காசோலை என்றால் எண் இருந்தே ஆக வேண்டும் என்று டேட்டாபேஸில் ஒரு செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் எழுதுங்கள். டிடைப்பில் பதிவாகும் வகைப் பெயரை, அதாவது @டிஸ்கிரிமினேட்டர்வேல்யூவையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். விட்டால் என்டிட்டியின் பெயரே பதிவாகும். நாளைக்குக் கிளாஸ் பெயரை மாற்றினால் பழைய பதிவுகள் எதிலும் சேராது.

சப்கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் சொந்த நெடுவரிசைகள் ஏராளமாக இருந்தால் ஜாயின்டு சரி. டேபிள் பெர் கிளாஸ் (ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு முழு டேபிள்) பக்கம் நான் போவதில்லை: பேஸ் கிளாஸைத் தேடினாலே எல்லா டேபிள்களையும் யூனியன் ஆல் செய்து ஒன்றாக்கும், ஐடிக்கு ஐடென்டிட்டியும் (டேபிளே தானாகக் கொடுக்கும் எண்) ஒத்துவராது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கண்ணி உண்டு. ரசீதிலிருந்து லேசியாக (தேவைப்படும்போதுதான் தரவை எடுக்கும் முறையில்) வரும் பேமென்ட் வெறும் ப்ராக்ஸி, உண்மையான ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாக நிற்கும் உறை. அது காசோலையா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்துக் கேட்டால், உள்ளே காசோலையே இருந்தாலும் இல்லை என்றுதான் பதில் வரும். ஹைபர்னேட்.அன்ப்ராக்ஸி வைத்துப் பிரிக்கலாம். அதைவிட, ரசீதில் அச்சாக வேண்டிய விவரத்தைத் தரும் ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தடைப் பேமென்ட்டில் வைத்துவிட்டால் வகை கேட்கும் வேலையே இராது. பேமென்ட்டில் எந்த மெத்தடையும் ஃபைனல் (சப்கிளாஸில் மாற்றி எழுத முடியாதது) ஆக்காதீர்கள். ப்ராக்ஸியால் அதை இடைமறிக்க முடியாது, உள்ளே இருக்கும் ஃபீல்டுகள் எல்லாம் நல் என்று வந்து நிற்கும்.