தெருவுலயும் ஆபீஸ்லயும் சாட்சியா வாழ்றது எப்படி, நான் பட்டு கத்துக்கிட்டது

நம்ம கிறிஸ்தவ சபைகள்ல சாட்சின்னா மைக் பிடிச்சு சொல்றதுன்னு ஆயிப்போச்சு. வேலை கிடைச்சுது, வீடு கட்டினோம், பொண்ணுக்கு வரன் அமைஞ்சுது, ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு உக்காந்துருவோம். அது தப்புன்னு சொல்லல, நானும் சொல்லியிருக்கேன். ஆனா கோர்ட்ல சாட்சிக்கூண்டுல ஏறுறவன் பாருங்க, அவன் சொன்னதோட முடியாது, எதிர்ப்பக்க வக்கீல் எந்திரிச்சு குடைஞ்சு எடுப்பாரு. நம்மள குறுக்கு விசாரணை பண்றது மாடி வீட்டு அக்காவும் பக்கத்து சீட்டு ஆளும் வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவும்தான், அவங்க சபைக்கு வர்றதில்ல, நம்ம மைக் சாட்சிய கேட்டதும் இல்ல. பைபிள்ல மத்தேயு 5:16-ல கூட மனுஷர் நம்ம நற்கிரியைகளை "கண்டு"ன்னுதான் இருக்கு.

அதனால முதல்ல பணத்துல ஆரம்பிங்க, ஏன்னா ஜனங்க அதைத்தான் முதல்ல பாக்குறாங்க. நான் ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். சில வருஷத்துக்கு முன்னாடி வேலை விஷயமா வெளிய போறப்போ பஸ்ல போயிட்டு ஆட்டோன்னு வவுச்சர் எழுதிட்டு இருந்தேன், எல்லாரும் எழுதுறாங்க, கம்பெனிக்கு ஒண்ணும் குடி முழுகிடாதுன்னு ஒரு நெனப்பு. ஒருநாள் என் பக்கத்துல உக்கார்ற தம்பி, கோவில் குளம்னு எதுக்கும் போகாத ஆளு, நான் பஸ்ல இருந்து இறங்குறதையும் பாத்துட்டான் சாயங்காலம் நான் எழுதின வவுச்சரையும் பாத்துட்டான். "அண்ணே, நீங்க சர்ச்சுக்கு போறவராச்சே, நீங்களுமா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். திட்டியிருந்தா கூட பரவாயில்ல, அந்த சிரிப்பு ராத்திரி தூங்கவிடல. அவன் என்கிட்ட ஏதோ ஒண்ணு எதிர்பாத்திருக்கான், அதுதான் உறைச்சது. மறுநாள் பழைய வவுச்சரெல்லாம் எடுத்து கணக்கு போட்டேன், 1,860 ரூபா வந்துது, மேனேஜர்கிட்ட போய் தப்பா எழுதிட்டேன் சார் சம்பளத்துல பிடிச்சுக்கோங்கன்னு சொன்னேன். பைபிள்ல வர்ற வரி வசூல்காரர் சகேயு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பி குடுக்கிறேன்னாரு, நான் அசலோட நிறுத்திக்கிட்டேன், மாசக்கடைசி.

இதுல செய்யவேண்டியது பெரிய வித்தையெல்லாம் இல்ல. கைமாத்து வாங்கினா சொன்ன தேதிக்கு முந்தின நாள் குடுங்க, முடியலன்னா அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்க போன் பண்ணுங்க. சீட்டு எடுத்துட்டு அடுத்த மாசத்துல இருந்து போன் எடுக்காம இருக்காதீங்க, ஒரு தெருவுல ஒரு ஆள் அப்படி செஞ்சா போதும், பத்து வருஷத்துக்கு அந்த தெருவுல வசனம் எடுபடாது. வீட்டு வேலைக்கு வர்றவங்க சம்பளம் ஒண்ணாந்தேதின்னா ஒண்ணாந்தேதி, கூலிக்காரன் கூலி விடியுறவரைக்கும் உன்கிட்ட இருக்கக்கூடாதுன்னு லேவியராகமம் 19:13 சொல்லுது, நாம என்னடான்னா ஊருக்கு போயிட்டு வந்து தரேன்மான்னு பத்து நாள் இழுக்குறோம். அவங்களுக்குன்னு தனி டம்ளர் வச்சிருந்தா அதை இன்னிக்கே தூக்கி போடுங்க. இதை எழுதுறதுக்கே கூச்சமா இருக்கு, ஆனா வாசல்ல வசன ஸ்டிக்கர் ஒட்டின வீட்டுலயே நான் பாத்திருக்கேன்.

சாதி விஷயமும் இதே கதைதான். மேட்ரிமோனில கிறிஸ்தவன்னு போட்டுட்டு பக்கத்துலயே சாதியையும் போட்டு அதே சாதியில மட்டும் வேணும்னு கேக்குறோம், சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துலயே நடுவுல பிரிச்சு வச்சிருக்காங்க. கிறிஸ்துவுக்குள்ள யூதனும் இல்ல கிரேக்கனும் இல்லன்னு நாம வெளிய போய் சொன்னா கேக்குறவன் நம்ம கல்யாண பத்திரிகையத்தான் பாப்பான். உங்க வீட்டுல ஒரு கல்யாணப் பேச்சு நடக்குறப்போ வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசுங்க, வாசல்ல பத்து டிராக்ட் (வசன நோட்டீஸ்) குடுக்குறதைவிட அது கஷ்டம்.

அடுத்தது பலகாரம். சிரிக்காதீங்க, தெருவுல பாதி மனஸ்தாபம் இதுலதான் வருது. நாங்க குடிவந்த முதல் வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு ஹவுஸ் ஓனர் அக்கா ஒரு எவர்சில்வர் தட்டுல கொழுக்கட்டை, சுண்டல், வாழைப்பழம் வச்சு மேல துணி மூடி கொண்டுவந்தாங்க. நான் கதவை பாதி திறந்துக்கிட்டு, நாங்க படைச்சது சாப்பிட மாட்டோம்னு ஒரே போடா போட்டுட்டேன். அக்கா முகம் சுண்டிப்போச்சு, ஒண்ணும் சொல்லாம படியேறி போயிட்டாங்க. ஏதோ பைபிள்ல ராஜா சாப்பாட்டை வேண்டாம்னு சொன்ன தானியேல் மாதிரி நின்னுட்டோம்னு எனக்கு ஒரு பெருமை வேற. டிசம்பர் 25-க்கு நாங்க கேக்கும் அச்சு முறுக்கும் கொண்டுபோனப்போ அவங்க ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க, அப்பதான் என் மனைவி கீழ வந்து சொன்னா, "அவங்க வாங்கிக்கிறாங்க, நாம மூஞ்சியில கதவை சாத்துறோம், இதுல யாருங்க சாட்சி?"

படைச்சதை சாப்பிடலாமா வேண்டாமாங்கறதுல வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருக்கு, சில குடும்பங்கள்ல சகஜமா சாப்பிடுவாங்க, பெந்தெகொஸ்தே வீடுகள்ல பெரும்பாலும் தொட மாட்டாங்க. பவுல் 1 கொரிந்தியர் 10-ல சொல்றதும் ஒரு அவிசுவாசி சாப்பிடக் கூப்பிட்டு உனக்குப் போக இஷ்டமிருந்தா வச்சதை கேள்வி கேக்காம சாப்பிடு, இது படைச்சதுன்னு யாராவது சொன்னா, சொன்னவர் மனசாட்சிக்காக சாப்பிடாதேன்னுதான். உங்க மனசாட்சி எதுவோ அதுபடி செய்ங்க, ஆனா எப்படி செய்யறீங்கங்கறது முக்கியம். பண்டிகைக்கு ரெண்டு நாள் முன்னாடியே போய் சொல்லிருங்க, வாசல்ல தட்டோட நிக்கறப்போ சொல்லாதீங்க. நான் அடுத்த வருஷம் அப்படித்தான் போனேன். "அக்கா, போன தடவை நான் சொன்ன விதம் தப்பு, மன்னிச்சுக்கோங்க, படைச்சதை மட்டும் எங்களால சாப்பிட முடியாது, மத்தபடி உங்க கை கொழுக்கட்டைக்கு நாங்க எதிரி இல்ல"ன்னேன். அக்கா சிரிச்சுட்டு, "இத அப்பவே சொல்ல வேண்டியதுதானே தம்பி, படைக்கறதுக்கு முன்னாடியே ஒரு தட்டு எடுத்து வச்சிர்றேன்"னாங்க. அவ்ளோதான் விஷயம். நம்ம பக்கத்துலயும் கவனிங்க, சைவ வீட்டுக்கு முட்டை போடாத கேக்கா பாத்து குடுங்க, இல்லன்னா முறுக்கு அதிரசம் முந்திரிக்கொத்து போதும், மார்கழில மாலை போட்டிருக்கிற வீட்டு வாசல்ல பிரியாணி பாத்திரத்தை தூக்கிட்டு போய் நிக்காதீங்க.

சத்தம். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு பத்துக்குப் பத்து ரூம்ல பதினஞ்சு பேர் உக்கார்றோம், அதுக்கு எதுக்குங்க பாக்ஸ் ஸ்பீக்கர்? ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் வெளிய ஒலிபெருக்கி வைக்கக்கூடாதுன்னு 2000-த்துல வந்த ஒலி மாசு விதி இருக்கு, குடியிருப்பு பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45-தான் அளவு. சட்டத்தை விடுங்க, அதிகாலையில உரத்த சத்தமா நண்பனை ஆசீர்வதிச்சா அது சாபமா எண்ணப்படும்னு நீதிமொழிகள் 27:14-லயே இருக்கு, சாலொமோன் நம்ம தெருவுல குடியிருந்திருப்பாரோன்னு தோணும். மார்ச் மாசம் பக்கத்து வீட்டு புள்ள பிளஸ் டூ எழுதுதுன்னா கூட்டத்தை ஏழரைக்கே முடிச்சுட்டு, அந்த புள்ளைக்காக ஜெபிச்சோம்னு மறுநாள் அவங்க அம்மாகிட்ட சாதாரணமா சொல்லுங்க. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல தினம் காலையில வசனம் போடுறதும் இதே சேதிதான், அப்புறம் அந்த நாட்டுல இத்தனை பேரை கொன்னுட்டாங்க உடனே ஷேர் பண்ணுங்கன்னு வர்றதெல்லாம் பாதி பொய், பொய்ச்சாட்சி சொல்லாதேங்கற கட்டளை ஃபார்வர்டுக்கும் சேத்துதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், ஆஸ்பத்திரியும் சாவு வீடும். இங்க என்ன பேசறதுன்னு நிறைய பேர் தவிக்கிறாங்க, பேசவே வேண்டாம், வேலை செய்ங்க. ஒரு வீட்டுல சாவு விழுந்தா ஃப்ரீசர் பாக்ஸுக்கு போன் போடணும், சாமியானா, பிளாஸ்டிக் சேர், தண்ணி கேன், வர்றவங்களுக்கு டீ, சொந்தக்காரங்களை பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிட்டு வரணும், வீட்டுக்காரங்களுக்கு மூளை ஓடாது. டாக்டர்கிட்ட இறப்பு காரணம் எழுதின சர்டிபிகேட் வாங்கி வைக்க ஞாபகப்படுத்துங்க, இறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், தாண்டினா கட்டணம், அனுமதின்னு அலையணும், கூட போய் அந்த வரிசையில நில்லுங்க. சடங்குல உங்களால செய்ய முடியாதது ஏதாவது இருந்தா அந்த நேரம் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க, ஆனா அதை சாக்கா வச்சு போகாமலே இருந்துராதீங்க. எல்லாரும் ஒரு வாரத்துல போயிருவாங்க, மூணாவது வாரம் அந்த வீடு ரொம்ப அமைதியா இருக்கும், அப்ப போய் பத்து நிமிஷம் உக்காந்துட்டு வாங்க.

ஆஸ்பத்திரில ஜெபிக்கணும்னு தோணினா முதல்ல கேளுங்க, "உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுங்களா?"ன்னு. வேண்டாம்னா சரிங்கன்னுட்டு பிளாஸ்க்ல காபி வாங்கிட்டு வாங்க. சரின்னா ஒரு நிமிஷம், மெதுவா, பக்கத்து பெட்காரர் எந்திரிக்காத அளவுக்கு. மாத்திரைய நிறுத்துங்கன்னு எவனாவது சொன்னா அவனை வெளிய கூட்டிட்டு வாங்க. ஆபத்துல இருக்கிறவங்ககிட்ட அரிசி மூட்டையோட டிராக்ட்டை சேத்து குடுக்காதீங்க, 2015 வெள்ளத்துல சென்னையில சாதி மதம் பாக்காம எத்தனையோ பேர் படகுல இறங்கினாங்க, அதுல எவன் எந்த சாமி கும்பிட்டான்னு யாரும் கேக்கல.

நம்ம ஊர்லயே ஒரு ஆள் உண்டு, மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர், 1826-ல பொறந்தவர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல தன் சொந்தப் பணத்தை எடுத்து கஞ்சி ஊத்தினாரு. அதைப் பாத்துட்டு கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் கதைய கீர்த்தனையா பாடின அதே சிவபக்தர், இவர் மேல ஒரு கீர்த்தனை பாடினாரு. இந்த கிறிஸ்தவருக்கு சாட்சி சொன்னது ஒரு சைவர். நான் முதல்ல சொன்ன கோர்ட்டு கதைக்கு, முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை தீர்ப்பு சொல்ற இடத்துலயே உக்காந்திருந்த மனுஷன்.

இவ்ளோ சொல்லிட்டு வாயே திறக்கக்கூடாதான்னு கேப்பீங்க. திறக்கணும், கேட்டா. 1 பேதுரு 3:15 "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு, அதாவது பதில், சொல்ல ஆயத்தமா இருங்கன்னுதான் சொல்லுது, நாம அந்த சாந்தத்தை விட்டுட்டு உத்தரவை மட்டும் எடுத்துக்கிட்டோம். ரெண்டு நிமிஷத்துல உங்க கதைய சொல்ல பழகிக்கோங்க, முன்ன எப்படி இருந்தேன், என்ன நடந்துது, இப்பவும் எதுல தடுமாறுறேன், இந்த மூணாவதை விட்டுராதீங்க, அதுதான் கேக்குறவங்களை நம்ப வைக்குது. சபைத் தமிழை கொஞ்சம் கழட்டி வைங்க. நான் ஒரு தடவை நண்பர்கிட்ட அபிஷேகம் கிடைச்சுதுன்னு சொல்ல, அவர் பாலாபிஷேகமா சந்தனமான்னு ரொம்ப மரியாதையா கேட்டாரு. பாரம், இரட்சிப்பு, உடைக்கப்பட்டேன், இதெல்லாம் நமக்குள்ள ஓடுற நாணயம், வெளிய செல்லாது, நிம்மதி, மன்னிப்பு, பயம் போச்சுன்னு சொன்னா புரியும். அவங்க சாமியப் பத்தி ஒரு சொல் கேலியா வந்துட்டா அதுக்கப்புறம் நீங்க சொல்றது எதுவும் உள்ள போகாது.

புள்ளைங்களுக்கும் இதை சொல்லிக் குடுங்க. என் பையன் மூணாங்கிளாஸ் படிக்கறப்போ கூட படிக்கிற பையன்கிட்ட நீ நரகத்துக்குத்தான் போவேன்னு சொல்லிட்டு வந்துட்டான், ஞாயிறுபள்ளியில கேட்டதை அப்படியே கொண்டுபோய் இறக்கிட்டான். அந்த பையன் ராத்திரி முழுக்க அழுதிருக்கான். போன்ல சாரி சொல்லி முடிக்கலாம்னுதான் முதல்ல நெனச்சேன், அப்புறம் இவனை கூட்டிக்கிட்டு அவங்க வீட்டுக்கே போனேன். நீங்களும் இந்த மாதிரி நடந்தா நேர்ல போங்க, விளக்கம் குடுக்காதீங்க, எங்க மதத்துல அதுக்கு அர்த்தம் என்னன்னான்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, புள்ள தப்பா பேசிட்டான், வளத்த எங்க மேல தப்புன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க காபி குடுத்தா மறுக்காம குடிச்சுட்டு, புள்ளைங்க ரெண்டும் விளையாடி முடிக்கிறவரைக்கும் கெளம்பாதீங்க.