திபெத்தியர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் ஐ.நா.வுக்கு எழுதுவது எப்படி?

மனு எழுத உதவி கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உடன்படிக்கைக் குழுக்களுக்கு (மனித உரிமை ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் ஐ.நா. குழுக்கள்) தனிநபர் புகார் அனுப்பிப் பயனில்லை. சீனா அதற்கு ஒப்புக்கொண்டதே இல்லை. சிறப்பு அறிக்கையாளர்களுக்கு, அதாவது ஐ.நா. மனித உரிமை மன்றம் நியமிக்கும் தனி நிபுணர்களுக்கு, எழுதுங்கள். முதலில் உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது.

பெயர், வயது, கடைசியாகப் பார்த்த நாள், கூட்டிப்போனது யார் என்று வரிசையாக எழுதுங்கள். ஊரோடு மாவட்டம், மாகாணம் எல்லாம் வேண்டும். 'திபெத்' என்று மட்டும் போட்டால் போதாது. திபெத்தியரில் பாதிக்கு மேல் திபெத் தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே, சிச்சுவான், சிங்ஹாய் போன்ற மாகாணங்களில்தான் வாழ்கிறார்கள். 'கொடுங்கோல் ஆட்சி' மாதிரி வசனங்களை நான் ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிடுவேன். மனுவைப் படிக்கும் ஜெனீவா ஐ.நா. அலுவலகத்தில் தேதிதான் பேசும்.

பாதிக்கப்பட்டவரோ குடும்பமோ சம்மதிக்காமல் அனுப்பவே கூடாது. தகவல் தந்தவர் பெயர் வெளியே வராது. பாதிக்கப்பட்டவர் பெயர் சிறப்பு அறிக்கையாளர் பெய்ஜிங்குக்கு அனுப்பும் கடிதத்தில் இருக்கும். அதை விளக்கிச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

பதிலளிக்க அரசுக்கு வழக்கமாக 60 நாள். பிறகு கடிதம் பொதுவில் வெளியாகும். 1995-ல் ஆறு வயதில் காணாமல்போன கெதுன் சோக்யி நியிமா (திபெத்திய பௌத்தத்தின் பெரிய குருக்களில் ஒருவரான பஞ்சன் லாமாவாகத் தலாய் லாமா அறிவித்த சிறுவன்) பற்றி ஐ.நா. நிபுணர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா.வில் மற்ற நாடுகள் முறைவைத்து ஆராயும் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு அறிக்கை அனுப்புவது வேறு வழி. சீனாவின் முறை கடைசியாக 2024 ஜனவரியில் வந்தது. தனி அமைப்புக்கு 2,815 சொல்தான் வரம்பு.