சோற்றைக் கைவிடாமல் கொழுப்பைக் குறைப்பது எப்படி? கொழும்பில் புதிதாகத் தொடங்குவோருக்கு

முதலில் இரண்டு தராசு வாங்குங்கள். கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு சமையலறைக்கு, மற்றது ஆள் ஏறி நிற்க. ஓடுகிற சப்பாத்தெல்லாம் பிறகு பார்க்கலாம். கொழுப்புக் கரைவது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில்தான். நடை அதற்குத் துணை. பாரப் பயிற்சி, நிறை இறங்கும்போது தசையும் சேர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளும்.

படி 1: கணக்கு

உங்கள் நிறையை (கிலோ) 10 ஆலும், உயரத்தை (செ.மீ.) 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5 ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்பவர் விடையை 1.2 ஆல் பெருக்கவேண்டும். நிறை கூடாமல் குறையாமல் இருக்க ஒரு நாளுக்கு வேண்டிய கலோரி அதுதான். 80 கிலோ, 170 செ.மீ., 35 வயது ஆணுக்கு ஏறத்தாழ 2,030 கலோரி வரும். அதில் 400 குறைத்து 1,630 இல் தொடங்கலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நடையையும் சேர்த்தால் கிழமைக்கு அரைக் கிலோ அளவில் குறையும். அதைவிட வேகம் வேண்டாம்.

இன்சுலினோ சீனி வியாதி மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் வைத்தியரிடம் பேசுங்கள். மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

படி 2: தட்டு

அவித்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. மதியப் பார்சலைப் பிரித்துச் சோற்றை மட்டும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 400 கிராம் இருந்தால் அது மட்டுமே 520. பாதியை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் வல்லாரைச் சம்பலோ கங்குன் சுண்டலோ வையுங்கள். வயிறு நிரம்பும், 200 கலோரி அளவில் மிஞ்சும். சிவப்பரிசிக்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். நார்ச்சத்து கூடும், உண்மைதான். ஆனால் கலோரி ஏறக்குறைய அதேதான்.

பலர் சறுக்குவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் 120 கலோரி. கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் 200க்கு மேல். தாளிக்கும்போது போத்தலைச் சரிக்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். சொதிக்குத் தண்ணிப்பால் போதும். நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் கிட்டத்தட்ட 130 கலோரி குடித்தாயிற்று.

புரதம், நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். 200 கிராம் சூரை மீனில் 45 கிராம் அளவில் கிடைக்கும். முட்டை ஒன்றில் 6, காய்ந்த மைசூர்ப் பருப்பு 75 கிராமில் 18. மரக்கறிக்காரருக்கு 50 கிராம் காய்ந்த சோயா மீட் 25 கிராம் தரும். ஆனால் அதை எண்ணெயில் பொரித்தெடுத்தால் கணக்குக் கெட்டுவிடும்.

படி 3: பாரம்

கிழமையில் மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. ஜிம் கட்டாயமில்லை. பள்ளிக்கூடப் பையில் 5 கிலோ அரிசிப் பை வைத்தால் தொடங்கப் போதும்.

கதிரையில் இருந்து எழும்புவது முதல் பயிற்சி. பையை நெஞ்சோடு அணைத்து, மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்கி, இருக்கையைத் தொட்டவுடன் எழும்புங்கள். குதிக்கால் நிலத்தைவிட்டு எழக்கூடாது. முழங்கால்கள் உள்ளே சாயாமல் பாதம் பார்க்கும் பக்கமே போகவேண்டும். அடுத்தது மேசை விளிம்பில் கைகளை ஊன்றித் தண்டால். பிறகு முதுகை நேராக வைத்துக் குனிந்து, பையை இடுப்புப் பக்கமாக இழுப்பது. கடைசியாக, கால்களைச் சற்றே மடித்து இடுப்பைப் பின்தள்ளிப் பையை நிலத்திலிருந்து தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று, இடையில் 90 செக்கன் ஓய்வு.

மூன்று சுற்றிலும் 12 வந்துவிட்டால் அடுத்த பயிற்சி நாளில் ஒரு கிலோ கூட்டுங்கள். மாதக்கணக்கில் அதே பாரத்தைத் தூக்கினால் உடம்பு பழகி நின்றுவிடும். வயிற்றுக் கொழுப்புக்கென்று நூறு சிட்-அப் எடுப்பதில் பயனில்லை, கொழுப்பு எங்கிருந்து முதலில் போகும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கிறது.

படி 4: நடை

கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரைமணி. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். மரைன் டிரைவ், சுதந்திர சதுக்கம், காலிமுகத்திடல், எங்கேயென்றாலும் வெயில் ஏறுமுன் காலையில், அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு. சட்டை நனைவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் சும்மா நின்றாலும் வியர்க்கும், போவது தண்ணீர். அரைமணி நடையில் எரிவது 150 கலோரி அளவில்தான். திடலில் நடந்துவிட்டு இரண்டு இறால் வடை சாப்பிட்டால் அன்றைய நடை கடலோடு போயிற்று.

படி 5: அளப்பது

தினமும் காலையில், கழிவறைக்குப் போய்வந்து, வெறும் வயிற்றோடு நிறை பாருங்கள். ஒருநாள் இலக்கத்தை நம்பாமல் கிழமைச் சராசரியை எழுதுங்கள். இரவு கொத்துரொட்டி சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறினால் அது உப்பு பிடித்துவைத்த நீர். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னும் இப்படி ஏறும், ஆகவே போன மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிடுங்கள். இடுப்பை மூச்சை வெளியே விட்டபிறகு, நாடாவை இறுக்காமல், இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

மூன்று கிழமை சராசரியும் இடுப்பும் அசையாவிட்டால், சாப்பாட்டைக் குறைக்க அவசரப்படாமல் எண்ணெயையும் சோற்றையும் மறுபடி ஒரு கிழமை அளந்து பாருங்கள். அளவு மெல்ல மெல்லக் கூடியிருப்பதுதான் வழக்கம். அது சரியாக இருந்தால் மட்டும் நாளுக்கு 100 கலோரி குறையுங்கள், அல்லது நடையில் கால்மணி கூட்டுங்கள்.