முதல் செக் எழுதுகிறீர்களா? அடித்துத் திருத்தாதீர்கள்

மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு பிடித்தபோது, அட்வான்ஸைச் செக்காகக் கொடுங்கள் என்றார் வீட்டுக்காரர். கொடுத்தேன், திரும்பி வந்துவிட்டது. கணக்கில் பணம் இருந்தும் இப்படி ஆனதில் ரொம்பவே கலங்கிப்போனேன்.

ஒரு செக்கில் மூன்று தரப்பு: எழுதும் நீங்கள், பணம் தரவேண்டிய உங்கள் வங்கி, பெறுபவர். பெறுபவர் தன் வங்கியில் செக்கைப் போடுவார். இரண்டு வங்கிகளுக்கும் நடுவில் கிளியரிங், அதாவது செக்கைச் சரிபார்த்துப் பணத்தைக் கைமாற்றும் வேலை, நடக்கும்.

1. தேதி போடுங்கள். அதிலிருந்து 3 மாதம்தான் செக் செல்லும்.

2. பெறுபவரின் பெயரை வங்கிக் கணக்கில் உள்ளபடியே எழுதுங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுவது நல்லது. நான் சிக்கியது இங்கேதான். இனிஷியலைத் தப்பாக எழுதி, அடித்து, மேலே சரியாக எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அப்பா காலத்தில் அது செல்லும். இப்போது செல்லாது. சென்னையில் 2011-இல் சி.டி.எஸ். (செக் டிரங்கேஷன் சிஸ்டம்) என்ற கிளியரிங் முறை வந்தது. அதன்பின் உங்கள் வங்கிக்குக் காகிதம் போவதில்லை, ஸ்கேன் செய்த படம்தான் போகிறது. படத்தை வைத்து, திருத்தியது யார் என்று சோதிக்க முடியாது. அதனால் தேதியைத் தவிர எதைத் திருத்தினாலும் திருப்பிவிடுவார்கள். தப்பு வந்தால் அந்தச் செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக எழுதுங்கள்.

3. தொகையை எழுத்திலும் எண்ணிலும், இடைவெளி விடாமல். முடிவில் ‘மட்டும்’ சேருங்கள். தமிழிலேயே எழுதலாம்.

4. இடது மூலையில் இரண்டு கோடு போட்டு ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதுங்கள். பெயருக்கான கோட்டின் முடிவில் அச்சாகியிருக்கும் ‘ஆர் பேரர்’ (அல்லது கொண்டுவருபவருக்கு) என்பதை அடித்துவிடுங்கள், இது திருத்தத்தில் சேராது. அப்புறம் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும், யாரும் கவுண்டரில் ரொக்கமாக வாங்க முடியாது.

5. வங்கியில் கொடுத்த அதே கையெழுத்து. கீழே எண்கள் உள்ள வெள்ளைப் பட்டையில் பேனா படவே கூடாது. அங்குள்ள 9 இலக்க எண் 600 என்று தொடங்கினால் அது சென்னைக் கிளை.

பேனா என்றால் எனக்குக் கறுப்பு பால்பாயிண்ட்தான். ஜெல் பேனா ஈரம் பட்டால் கலைகிறது.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக எழுதியும் பெரிய தொகைச் செக் திரும்பியதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ‘பாசிட்டிவ் பே’யைப் பாருங்கள். எழுதிய செக்கின் விவரங்களை நீங்களே வங்கிக்குச் சொல்லிவைப்பதுதான் அது. 50,000 ரூபாய் முதல் இந்த வசதி உண்டு. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி கட்டாயமாக்கலாம். செக் எண், தேதி, பெயர், தொகை நான்கையும் செக்கைக் கொடுத்த அன்றே வங்கியின் ஆப்பில் பதிந்துவிடுங்கள்.