கண்புரை ஆபரேஷனுக்குப் பின் பார்வைக் கணக்கு எடுப்பது எப்படி

ஆபரேஷனுக்கு மறுநாள் எடுத்த பார்வை அளவையே முடிவாகச் சொல்லும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அன்று கருவிழியில் வீக்கம் இருக்கலாம், கண்ணாடி பவரும் நிலைத்திருக்காது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் எடுக்கும் அளவைத்தான் கணக்கில் சேர்க்கலாம்.

ஒரு தேதி குறித்து, அன்றிலிருந்து வரிசையாக ஆபரேஷன் ஆகும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முற்றிய புரை, சர்க்கரையால் கெட்ட விழித்திரை என்று யாரையும் கழிக்கக் கூடாது. அந்தக் குறையைக் கேஸ் ஷீட்டில் தனிக் கட்டத்தில் குறித்தால் போதும். இரண்டு கண்ணும் செய்துகொண்டவருக்கு முதல் கண் மட்டும்.

ஆறு மீட்டரை டேப் வைத்து அளந்து தரையில் கோடு போடுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குக் கையால் திசை காட்டும் சார்ட். ஒவ்வொருவருக்கும் மூன்று அளவுகள் வேண்டும்: வந்த நிலையில் (கண்ணாடி இருந்தால் அதோடு), பின்ஹோலில் (சிறு துளை வழியாகப் பார்க்க வைத்து), பவர் பார்த்துத் திருத்திய பிறகு. ஆபரேஷன் செய்த டாக்டரே அளக்க வேண்டாம். தன் நோயாளி கடைசி வரிவரை படிப்பதாகவே அவருக்கு எப்போதும் தோன்றும்.

உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வகுத்த அளவுகோல் இது: வந்த நிலையில் 80 சதவீதம் பேருக்காவது, திருத்திய பின் 90 சதவீதம் பேருக்காவது 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை. 6/60-க்கும் கீழே இருப்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பின்ஹோலில் பார்வை ஏறினால் குறை பெரும்பாலும் லென்ஸ் பவர் கணக்கிலோ கண்ணாடி தராததிலோ இருக்கும். ஏறாவிட்டால் விழித்திரையையும் ஆபரேஷன் குறிப்பையும் பாருங்கள்.

கணக்கு கெடும் இடம், அந்த நான்கு முதல் ஆறு வாரத்தில் வரச் சொல்லும் ரிவ்யூ. நூறு பேரில் எழுபது பேர் வந்து, அறுபது பேருக்கு நன்றாகத் தெரிகிறது என்று வையுங்கள். வந்தவர்களில் 86 சதவீதம். ஆபரேஷன் ஆனவர்களில் உறுதியாகச் சொல்ல முடிவது 60 சதவீதம்தான். இரண்டையும் எழுதுங்கள். "நல்லா இருக்கு, அதான் வரல" என்று வார்டில் சொல்வார்கள்; பார்வை வராமல் வெறுத்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனவரும் அந்த முப்பதில்தான் இருக்கிறார். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து நோயாளியிடம் அவர் நம்பரோடு மகன் அல்லது மகள் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், தெருப் பெயர் எல்லாம் சேர்க்கும் அன்றே வாங்கிவிடுங்கள். ரிவ்யூ தேதியைச் சித்திரைத் திருவிழாவில் கொண்டுபோய் வைக்காதீர்கள். வராதவரை மூன்று நாளுக்குள் கூப்பிடுங்கள். அப்போதும் வராதவர்களில் சிலரையாவது ஊருக்கே போய் அளந்தால் கணக்கு நம்பும்படி இருக்கும்.

ஃபேக்கோவையும் (ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை) தையலில்லாச் சிறு கீறல் முறையையும் ஒப்பிட, பழைய கேஸ் ஷீட்டுகள் போதாது. கடினமான புரையெல்லாம் சிறு கீறலுக்கே போயிருக்கும். அதன் முடிவு மோசமாகத் தெரிவதில் வியப்பில்லை. புதிதாக ஆய்வு நடத்த வேண்டும்: முதலில் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, பிறகு சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு, அதன் பிறகே முதல் நோயாளி. யாருக்கு எந்த முறை என்பதை, குலுக்கல் முறையில் முன்கூட்டியே எழுதி மூடிய, வரிசை எண் போட்ட, உள்ளே தெரியாத உறை தீர்மானிக்கட்டும்.

கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் தொற்றைக் குறைத்தோம் என்று சிறிய ஆஸ்பத்திரி நிரூபிக்க முடியாது. 300 கேஸில் ஒன்றுகூட வராவிட்டாலும், உண்மையான விகிதம் 1 சதவீதம் வரை இருக்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனைகள் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் செலுத்தி அந்த விகிதம் 0.07-லிருந்து 0.02 சதவீதமாக இறங்கியதைக் காட்ட 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் தேவைப்பட்டன. தொற்று வந்தால் ஒவ்வொன்றையும் அன்றே துருவிப் பாருங்கள். மாதாமாதம் விகிதம் போட்டுப் பார்க்க லென்ஸின் பின்சவ்வு கிழிந்த கேஸ்களை எடுங்கள்: எந்த டாக்டர், எந்தக் கட்டத்தில், எத்தகைய புரையில் என்பதோடு.