உலர்களத்தில் ஸ்லாலம் ஸ்கேட்டிங்: முதல் கோனிலிருந்து ஒற்றைக்கால் வரை

ஸ்கேட்டிங் என்றாலே நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பெற்றோர் முதலில் கேட்பது, "இங்கே டிராக் எங்கே இருக்கிறது?" என்பதுதான். வேகப் போட்டியை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3000 மீட்டர் தொடர் பந்தயத்தில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வென்றன. ஆனந்த்குமார் வேல்குமார், ஆரத்தி கஸ்தூரிராஜ் என்று இரண்டு அணியிலும் தமிழ்நாட்டுப் பெயர்கள் இருந்தன. அந்தச் செய்தியைப் படித்த பிள்ளைகள் வேகத்தைத்தான் ஆசைப்படுவார்கள்.

ஆனால் அதே ஹாங்சோவில் ஸ்லாலம் போட்டியும் நடந்தது. நேர்க்கோட்டில் வைத்த சின்னஞ்சிறு கோன்களுக்கு (கூம்புகளுக்கு) இடையே, ஒன்றையும் தட்டாமல், வளைந்தும் காலை மாற்றியும் சுழன்றும் போகிற விளையாட்டு அது. அதற்கு டிராக் தேவையில்லை. 20 கோன்களை 80 செ.மீ. இடைவெளியில் வைத்தால் முதல் கோனுக்கும் கடைசிக் கோனுக்கும் 15 மீட்டர் சொச்சம்தான் வரும். கற்றுக்கொள்கிறவருக்குப் பத்துக் கோனே தாராளம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களில் தானியம் காய வைக்கச் சிமெண்டில் போட்ட உலர்களங்கள் இருக்கின்றன. ஆண்டில் பாதி நாள் அவை சும்மாதான் கிடக்கின்றன. நம் பகுதிக்கு ஏற்ற ஸ்கேட்டிங் ஸ்லாலம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்த விளக்கம்.

இதைப் படிக்கிறவருக்கு இன்லைன் ஸ்கேட்டில், அதாவது சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள ஸ்கேட்டில், விழாமல் நேராகப் போகவும், நிற்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நிற்கத் தெரியாவிட்டால் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். காரணம் இருக்கிறது: கால்களைக் குறுக்கே மாற்றும்போது குதிகால் பிரேக் மற்றக் காலில் இடிக்கும் என்பதால், ஸ்லாலம் பழகுகிறவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு, பின்காலைக் குறுக்காக வைத்துச் சக்கரத்தைத் தரையில் இழுத்து நிற்பதுதான் எளிய வழி.

தரை

களத்தைப் பயன்படுத்தும் முன் ஊராட்சியிலும், பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேழ்வரகுக் கதிர் காயும்போதும், கொள்ளு அடிக்கும்போதும் களம் விவசாயிகளுடையது. அந்த நாட்களில் பள்ளி மைதானத்துக் கூடைப்பந்துத் தரைக்குப் போய்விட வேண்டியதுதான்.

முதல் வேலை பெருக்குவது. தினமும் பெருக்க வேண்டும். புளி உடைத்த களத்தில் ஒரே ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் போதும். முன்சக்கரம் அதில் ஏறிய கணத்தில் நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னே போகும். சிமெண்ட் பலகைகள் சேரும் இடத்திலுள்ள பிளவுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோன் வரிசை அந்தப் பிளவுக்கு இணையாக அமைந்தால் சக்கரம் அதில் மாட்டும். பிளவைக் குறுக்கே கடக்கும்படி வரிசையை அமையுங்கள்.

பளபளவென்று மெருகேற்றிய கிரானைட் தரை கிருஷ்ணகிரியில் வீட்டுக்கு வீடு உண்டு. அதில் நேராகப் போகலாம், ஸ்லாலம் வேண்டாம். ஸ்லாலம் முழுக்கச் சக்கரத்தின் விளிம்பில் நடக்கிற வேலை. மெருகேற்றிய கல்லில் சக்கரத்தைச் சாய்த்து அழுத்தினால் பிடிமானம் கிடைக்காமல் பக்கவாட்டில் வழுக்கும். அதன் மேல் மெல்லிய தூசி படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மழை பெய்து ஈரம் காயாத தரைக்கும் இதே எச்சரிக்கை.

கோன்

போட்டிகளில் 50, 80, 120 செ.மீ. என மூன்று இடைவெளிகளில் கோன் வரிசைகள் இருக்கும். புதியவர் 120இல் தொடங்குவது நல்லது. ஒரு கொத்தனார் நூலில் 120 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்டு வைத்துக்கொண்டால், தினமும் டேப் பிடித்து அளக்க வேண்டாம். நூலை இழுத்துப் பிடித்து முடிச்சு வரும் இடங்களில் சாக்பீஸால் புள்ளி வைத்தால் ஆயிற்று.

ஸ்லாலம் கோன் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. கடையில் கிடைக்காவிட்டால் டீக்கடைக் காகிதக் கப்பைக் கவிழ்த்து வையுங்கள். ஆடிக் காற்றில் பறக்காமல் இருக்க மூன்று, நான்கு கப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிக்கொள்ளலாம். கல்லையோ செங்கல் துண்டையோ ஒருபோதும் வைக்காதீர்கள். கோன் என்பது தட்டினால் விலகிப்போக வேண்டிய பொருள். சக்கரத்தை நிறுத்துகிற எதுவும் கோன் ஆகாது.

ஸ்கேட்

அளவைக் கூட்டிக் குறைக்கிற மெத்தென்ற ஸ்கேட்டில் ஸ்லாலம் வராது. கணுக்காலைச் சாய்த்தால் அந்தச் சாய்வு அப்படியே சக்கரத்துக்குப் போக வேண்டும். மெத்தென்ற பூட்டில் கால் மட்டும் உள்ளே சாயும், சக்கரம் நிமிர்ந்தே இருக்கும். கெட்டியான கூடு உள்ள பூட், குதிகால் உள்ளே எழும்பாத இறுக்கம், 76 அல்லது 80 மி.மீ. அளவில் நான்கு சக்கரம், அந்தச் சக்கரங்களைத் தாங்கும் குட்டையான சட்டம் (ஃபிரேம்) ஆகியவைதான் தேவை. பெரிய சக்கரம் கோத்த, கணுக்காலுக்குக் கீழே முடிந்துவிடும் வேகப்பந்தய ஸ்கேட் இதற்குச் சரிவராது. ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தானே. இணையத்தில் வாங்குவதைவிடக் கடைக்கே போய், வழக்கமாகப் போடுகிற காலுறையோடு போட்டு, கால் மணி நேரம் நின்று பார்த்து வாங்குங்கள்.

ஹெல்மெட், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் மூன்றும் கட்டாயம். இன்லைன் ஸ்கேட்டில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டுதான். விழப்போவது தெரிந்தால் முழங்காலை மடக்கி முன்பக்கம், கவசத்தின் மேல் விழுங்கள்.

கோன் இல்லாமல் முதல் வாரம்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் அவசரம். ஆனால் பின்னால் வரும் வித்தைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

முழங்காலை மடக்கி நில்லுங்கள். மேலிருந்து பார்த்தால் முழங்கால் கால்விரலை மறைக்க வேண்டும். இந்த நிலையில் ஒற்றைக்காலில் நேராக வழுக்கிப் போய்ப் பழகுங்கள், இரண்டு காலிலும். அடுத்து ஒரு காலை முன்னும் மற்றதை நேர் பின்னும் வைத்து, இரண்டு ஸ்கேட்டும் ஒரே கோட்டில் வருமாறு வழுக்கிப் போங்கள். பிறகு சாக்பீஸால் மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதன் மேல் ஒற்றைக்காலில் முதலில் உள்விளிம்பிலும் (சக்கரத்தின் மற்றக் காலைப் பார்த்த பக்கம்), பிறகு வெளிவிளிம்பிலும் (அதற்கு எதிர்ப்பக்கம்) சாய்ந்து சுற்றுங்கள். வெளிவிளிம்பு பயத்தைத் தரும். அந்தப் பயம் போகும் வரை வட்டத்தை விடாதீர்கள்.

ஃபிஷ்

முதல் கோன் வித்தை இது. குதிகால்களைச் சேர்த்து, விரல்களை வெளியே திருப்பித் தொடங்குங்கள். உள்விளிம்பில் அழுத்தினால் கால்கள் தாமாக அகலும். கோன் இரு கால்களுக்கும் நடுவே கடந்ததும் விரல்களை உள்ளே திருப்புங்கள். கால்கள் மீண்டும் சேரும். அடுத்த கோனில் மறுபடி அகலம். தரையிலிருந்து எந்தச் சக்கரமும் எழக் கூடாது. பார்வை இரண்டு மூன்று கோன் தள்ளி இருக்கட்டும். காலடியில் உள்ள கோனைப் பார்த்தால் அதைத் தட்டுவது நிச்சயம்.

ஸ்னேக்

ஸ்லாலத்தின் உயிர் இதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கால் முன்னே, மற்றது பின்னே. இரண்டும் சேர்ந்து முதல் கோனுக்கு வலப்புறம், அடுத்த கோனுக்கு இடப்புறம் என்று போக வேண்டும். முன்கால் போன பாதையிலேயே பின்கால் வர வேண்டும். தோள்கள் கோன் வரிசையை நோக்கியபடி அசையாமல் இருக்கும். திரும்புவது இடுப்புக்குக் கீழேதான். புதியவர்கள் தோளையும் சேர்த்துத் திருப்புவார்கள். அப்போது ஐந்தாவது கோனுக்குள் உடம்பு வரிசையை விட்டு வெளியே போய்விடும். கைகளை இடுப்புயரத்தில் பக்கவாட்டில் விரித்து வைத்தால் தோள் கட்டுக்குள் நிற்கும்.

உந்தாமல் எப்படி வேகம் வருகிறது என்று கேட்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் முழங்காலை மடக்கி விளிம்பை அழுத்துங்கள். கோன்களுக்கு நடுவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது சற்று எழும்புங்கள். அந்த அழுத்தம்தான் முன்னே தள்ளுகிறது. சரியாக வந்தால் வரிசையின் கடைசியில் வேகம் கூடியிருக்கும், குறைந்திருக்காது.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: சக்கரங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த சிமெண்டில் உடனே மெதுவாக ஒருமுறை போங்கள். தரையில் இரண்டு ஈரக்கோடுகள் கொஞ்ச நேரம் தெரியும். அவை சடை பின்னியதுபோல் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து வளைந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். பின்காலின் கோடு மட்டும் நேராக ஓடியிருந்தால், எடை முழுவதும் முன்காலில் இருக்கிறது, பின்கால் வெறுமனே இழுபடுகிறது என்று பொருள். பிள்ளைகளுக்கு வாயால் எவ்வளவு சொன்னாலும் ஏறாதது, அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்ததும் புரிந்துவிடுவதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

வலது கால் முன்னே வைத்து வந்துவிட்டதா? அன்றைக்கே இடதை முன்னே வைத்துத் தொடங்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பழகியவர்களுக்கு அடுத்த வித்தை பாதியில் நின்றுவிடும்.

கிரிஸ் கிராஸ்

ஃபிஷ் நன்றாக வந்தவருக்கு இது எளிது. கோனில் கால்கள் அகலும். இரண்டு கோன்களுக்கு நடுவே சேர்ந்து நிற்காமல் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும். கடக்கும் நேரத்தில் ஒரு ஸ்கேட் மற்றதைவிட அரை ஸ்கேட் நீளமாவது முன்னே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரங்கள் முட்டிக்கொள்ளும். இந்த இடைவெளியில் வலது முன்னே என்றால் அடுத்த இடைவெளியில் இடது முன்னே. கால்களைத் தூக்கி மாற்றாதீர்கள்; எல்லாம் தரையோடு வழுக்கியே நடக்க வேண்டும்.

ஒற்றைக்கால்

வலது காலில் நின்று இடப்பக்கம் வளைய உள்விளிம்பு, வலப்பக்கம் வளைய வெளிவிளிம்பு. முதல் வாரத்து வட்டம் இப்போது கைகொடுக்கும். மூன்றே கோன்களோடு தொடங்குங்கள். ஸ்னேக்கில் நுழைந்து, கடைசி மூன்று கோன்களுக்குப் பின்காலைச் சற்றே தூக்குங்கள். தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் போதும். தூக்கிய கால் பின்னே அமைதியாக இருக்கட்டும். அது ஆடினால் நிற்கிற காலின் விளிம்பு குலையும். பிறகு நான்கு, ஐந்து என்று ஏற்றிக்கொள்ளலாம்.

போட்டியில் வேக ஸ்லாலம் என்ற பிரிவு முழுக்க இதுதான். 12 மீட்டர் ஓடி வந்து, 20 கோன்களையும் ஒற்றைக்காலில் கடக்க வேண்டும். தட்டிய ஒவ்வொரு கோனுக்கும் 0.2 வினாடி நேரத்தில் கூடும். வீட்டில் மொபைல் கடிகாரத்தை வைத்து இதே கணக்கில் பிள்ளைகளுக்குள் போட்டி வைத்துப் பாருங்கள், பொழுது சாய்ந்தாலும் களத்தை விட்டு வரமாட்டார்கள்.

பின்னோக்கிப் போவதும் இந்தக் கட்டத்தில் வரலாம். ஃபிஷ்ஷைத் தலைகீழாகச் செய்யுங்கள்: விரல்களைச் சேர்த்துத் தொடங்கி, குதிகால்களை வெளியே தள்ளி, மறுபடி உள்ளே இழுக்க வேண்டும். தோளுக்கு மேல் பார்வை. ஒரு பெரியவர் களத்தின் ஓரத்தில் நின்று, கோழி, ஆடு எதுவும் பின்னால் வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

ராக்கர், பராமரிப்பு

தேர்ந்தவர்களின் ஸ்கேட்டில் நடு இரண்டு சக்கரங்கள் மட்டுமே தரையை நன்றாகத் தொடும். முன்னும் பின்னும் 76 மி.மீ., நடுவில் 80 மி.மீ. என்று மாட்டியிருப்பார்கள். இதுதான் ராக்கர். ஸ்கேட் சட்டென்று திரும்பும், ஆனால் முன்பின் ஆட்டமும் கூடும். ஸ்னேக் இரு பக்கமும் வரும் வரை நான்கு சக்கரமும் சமமாக இருக்கட்டும் என்பது என் கருத்து. அதன் பிறகும் புதுச் சக்கரம் வாங்க வேண்டியதில்லை. தேய்ந்து சிறுத்தவற்றை முதலாவதிலும் நான்காவதிலும், தேயாதவற்றை நடுவிலும் மாற்றினாலே போதும்.

சக்கரத்தின் உள்பக்கம்தான் சீக்கிரம் தேயும். அவ்வப்போது கழற்றி உட்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டுங்கள். களத்துத் தூசி, சக்கரத்தின் நடுவில் அதைச் சுழலவிடும் பேரிங்கில் போய்ச் சேரும். தண்ணீரில் கழுவாமல் உலர்ந்த துணியால் துடையுங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது நறநறவென்று சத்தம் வந்தால் பேரிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் டவுனில் பேரிங் கடையில் 608 என்று கேளுங்கள். ஒரு ஸ்கேட்டுக்கு எட்டு, ஜோடிக்குப் பதினாறு.