ஜெர்மன்: காதில் தொடங்கி கைக்கு வரட்டும்

குழந்தைக்கு ஜெர்மன் சொல்லித்தர நினைப்பவர்கள் முதல் வேலையாக எழுத்துப் பயிற்சிப் புத்தகம் வாங்கிவிடுகிறார்கள். அதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். ஆங்கில எழுத்து தெரிந்த குழந்தை ஜெர்மன் சொல்லையும் ஆங்கிலமாகவே வாசிக்கும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதலில் காது, அடுத்து வாய், எழுத்து கடைசியில். தினம் 15 நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் அடுத்த வாரத்துக்குள் பாதி மறந்துவிடும்.

உச்சரிப்பில் தமிழ்க் குழந்தைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: குறில், நெடில் ஏற்கெனவே காதில் ஊறியிருக்கிறது. ஜெர்மனில் 'ஒஃபன்' என்றால் திறந்திருப்பது, 'ஓஃபன்' என்றால் அடுப்பு. இந்த வித்தியாசம் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். சிக்கல் மேலே இரண்டு புள்ளி வைத்த யு-வில்தான். 'ஈ' என்று இழுத்துச் சொல்லவையுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் விசிலடிப்பதுபோல் குவிக்கட்டும். பெரும்பாலும் உதட்டோடு நாக்கும் பின்னால் போய், வெறும் 'ஊ' வந்து நிற்கும். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லில் ஒட்டிவைத்துக்கொள்ளச் சொன்னால் சரியாகிவிடும். இதேபோல் 'ஏ' சொல்லி உதட்டைக் குவித்தால் புள்ளி வைத்த ஓ வரும். எழுத்துக்கு வரும்போது மூன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: டபிள்யூ நம் 'வ', வி பெரும்பாலும் 'ஃப', இசட் 'ட்ஸ'.

பெயர்ச்சொல்லை ஒருபோதும் தனியாகச் சொல்லித்தராதீர்கள். அதன் பாலைக் காட்ட முன்னால் வரும் டேர், டீ, டாஸ் மூன்றில் எது வரும் என்பதைப் பொருளை வைத்துப் பெரும்பாலும் ஊகிக்க முடியாது. அட்டையில் படம் வரைந்து டேருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை ஓரம் கட்டுங்கள். எண்களில் ஒன்றாம் இடம் முந்திக்கொள்ளும்: 21 என்பது 'ஒன்றும் இருபதும்'. கேட்கக் கேட்க எழுதும் குழந்தை 12 என்று எழுதிவிடும். எண்ணை முழுதாகக் கேட்டு முடித்த பிறகே பென்சிலை எடுக்கட்டும்.

கதைக்கு கிரிம் சகோதரர்களிடம்தான் போகவேண்டும். யாகோப், வில்ஹெல்ம் இருவரும் தங்கள் தொகுப்பின் முதல் பாகத்தை 1812-லும் இரண்டாவதை 1815-லும் வெளியிட்டார்கள். 1857-இல் வந்த ஏழாம் பதிப்பில் கதைகள் 200-ஐத் தாண்டின. கொடூரமான கதைகளும் அதில் உண்டு, ஆகையால் நீங்கள் படித்துப் பார்க்காத கதையைத் தூங்கும் நேரத்தில் தொடாதீர்கள். தொடக்கத்துக்கு பிரேமன் நகர இசைக்காரர்கள் கதையே மிகச் சிறந்தது. கழுதை, நாய், பூனை, சேவல், முக்கியமாக நான்கே பாத்திரம். ஜெர்மன் சேவல் 'கிகெரிகி' என்றும் கழுதை 'ஈ-ஆ' என்றும் கத்தும். இரண்டு மூன்று நாள் பெயரும் குரலும் மட்டும். பிறகு கதையைத் தமிழில் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, ஜெர்மனில் நடிக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு விலங்கும் வழியில் சேரும்போது குழந்தை 'கொம் மிட்' (கூட வா) என்று அழைக்கட்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தீர்களோ, தமிழ் வரும்வரை காத்திருந்து ஜெர்மனைக் கேட்பதையே விட்டுவிடும்.

ஹாமெல்ன் என்ற ஜெர்மன் ஊரில் குழலூதி எலிகளை விரட்டியவன், கூலி கிடைக்காததால் ஊர்க் குழந்தைகளை அழைத்துப்போன கதையைச் சொன்னால், "நிஜமா நடந்ததா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். 1284 ஜூன் 26 அன்று 130 குழந்தைகள் போனார்கள் என்று ஊர் மரபு சொல்வதையும், எலிகள் அதில் பின்னால் சேர்ந்தவை என்பதையும் சொல்லுங்கள். வரலாற்றுக்குள் நுழைய நல்ல வாசல் அது. ஏழெட்டு வயதில் நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவரைப் பேசலாம்: 1961 ஆகஸ்ட் 13-இல் எழுந்தது, 1989 நவம்பர் 9-இல் திறந்தது. அறையின் குறுக்கே கயிறு கட்டி, கட்டில் ஒருபுறமும் பொம்மைகள் மறுபுறமும் இருக்கும்படி ஒரு மாலை விட்டால் மீதியைக் குழந்தையே கேட்கும். நாஜிகள் காலத்தைப் பத்து வயதுக்கு முன் விரிவாகத் தொடவேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். நாஜிகளுக்குப் பலியானவர்களின் நினைவாக ஜெர்மனி நடைபாதைகளில் பதித்திருக்கும், பித்தளைத் தகடு போர்த்திய 10 சென்டிமீட்டர் கற்களின் படம் உதவும். 'ஹியர் வோன்ட்ட' (இங்கே வாழ்ந்தார்) என்று தொடங்கி, பெயரும் பிறந்த ஆண்டும் அதில் இருக்கும். கற்ற மொழியில் குழந்தையே வாசிக்கக்கூடிய வரலாறு இது.

பண்டிகை என்றால் நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக்கொடுத்த ரோமானியப் படைவீரர் அவர். அந்த நாளையொட்டி மாலையில் குழந்தைகள் காகித விளக்கோடு ஊர்வலம் போவார்கள்.

விளக்குக்கு ஒளி ஊடுருவும் காகிதம் 50 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம். 18 செ.மீ. விட்டமுள்ள தடித்த அட்டை வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிலும் 1.5 செ.மீ. ஆழத்துக்குக் கீறி மேல்நோக்கி மடியுங்கள். காகிதத்தைச் சுருட்டி அதில் ஒட்டினால் சுமார் 15 செ.மீ. அகல உருளை வரும். நட்சத்திரம், நிலா ஒட்டுவதையெல்லாம் சுருட்டும் முன் முடித்துவிடவேண்டும். மேல் விளிம்பின் உட்புறம் 2 செ.மீ. அட்டைப் பட்டை ஒட்டி, எதிரெதிரே இரண்டு துளையிட்டுக் கம்பி மாட்டிக் குச்சியில் தொங்கவிடுங்கள். துளையைப் பட்டையில்லாத இடத்தில் போட்டால் பத்தடி நடப்பதற்குள் காகிதம் கிழியும். நீர்ப்பசை காகிதத்தைச் சுருங்கவைக்கும், பசைக்குச்சியே நல்லது. கறுப்பு ஓவியம் முக்கால் பகுதியை மறைத்தால் வெளிச்சமே வராது. மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கை வையுங்கள், மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும்.